கல்லமேட்டு டைனோசர்தான் உலகத்திலேயே பெரியதா? அப்படியானால் எலும்பு எங்கே?

முருங்கைமரம் எழுதியது:

நேற்று ராத்திரி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்டு வந்தது. உலகத்திலேயே பெரிய டைனோசர் தமிழ்நாட்டில்தான் கிடைத்ததாம், அதை வெள்ளைக்காரன் மறைத்துவிட்டானாம், தமிழனாக இருந்தால் பத்துப் பேருக்கு அனுப்பணுமாம். வழக்கம்போல நான் "கப்சா" என்று போட்டேன். மச்சான் உடனே "உனக்கு நம்ம ஊர் சமாசாரம்னாலே இளக்காரம்" என்று ஆரம்பித்து, அத்தை குரல் பதிவு அனுப்பும் அளவுக்குப் போய்விட்டது.

அப்புறம் படுத்துக்கொண்டே தேடினால் பேர் நிஜமாகவே இருக்கிறது. புருஹத்காயோசாரஸ். அரியலூர் பக்கம் கல்லமேடு. நீண்ட கழுத்து, தழை தின்னி, சாரோபாட் வகை. ஆனால் ஒரு பக்கத்தில் 126 டன் என்கிறார்கள், இன்னொன்றில் 200-ஐத் தாண்டுகிறது, மூன்றாவது பக்கம் அது டைனோசரே இல்லை, மரம் என்கிறது. எதை நம்புவது? தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரே வீட்டில் சாப்பிடப்போகிறோம், அதற்குள் பதில் வேண்டும்.

சந்தேகப்பேர்வழி எழுதியது:

ஒரே கேள்விதான். எலும்பு எந்த மியூசியத்தில் இருக்கிறது? இருந்தால் பேசலாம். இல்லை என்றால் நீங்கள் மச்சானிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தையே போதும்.

ஓய்வுபெற்ற_சுத்தியல் எழுதியது:

தம்பி, அவ்வளவு சுலபமாக மூட முடியாது. முப்பது வருஷம் புவியியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் "மறைத்துவிட்டான்" கதையை ஓரமாக வையுங்கள். இதைக் கண்டு எழுதியவர்கள் யாதகிரி, அய்யாசாமி என்ற நம் ஆட்கள் இருவர், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காரர்கள். கட்டுரை வந்தது 1987-இல். அப்போது அது திருச்சி மாவட்டம். கிடைத்தவை இடுப்பெலும்பு ஒன்று, தொடை எலும்பின் ஒரு பகுதி, முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு, முன்னங்கால் எலும்பு ஒன்று, வால் முள்ளெலும்பு ஒன்று. அவ்வளவுதான். தலை இல்லை, கழுத்து இல்லை. "பிருஹத் காய", பெரிய உடம்பு, அதுதான் பெயர். முழுப்பெயரில் பின்னால் வரும் "மேட்லியை" என்பது சார்லஸ் மேட்லியை நினைத்து வைத்தது. திருச்சி மாவட்டத்து டைனோசர்களைப் பற்றி 1929-லேயே எழுதியவர் அவர்.

வேடிக்கை என்னவென்றால், 1987 கட்டுரையில் இது தழை தின்னியே இல்லை. பெரிய புலால் தின்னி என்றுதான் வகைப்படுத்தினார்கள். 90களின் நடுவில் சங்கர் சாட்டர்ஜி என்ற தொல்லுயிர் ஆய்வாளர் இது சாரோபாடாக இருக்கும் என்று சொன்ன பிறகுதான் விஷயமே சூடு பிடித்தது. ஏனென்றால் அந்தக் கீழ்க்கால் எலும்பின் நீளம் 2 மீட்டர் என்று எழுதியிருந்தார்கள். உங்கள் வீட்டு வாசல் நிலையைப் போய்ப் பாருங்கள், கிட்டத்தட்ட அவ்வளவு. முழங்காலுக்குக் கீழே மட்டும். அர்ஜென்டினாவின் ஆர்ஜென்டினோசாரஸுக்கு அதே இடத்தில் உள்ள பக்கத்து எலும்பு 1.55 மீட்டர். அதையே உலகத்தின் ராட்சசன் என்று கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளைக்காரன் மறைக்கவில்லை என்பதற்கு இன்னொன்று. 2023-இல் கிரிகரி பால், லர்ரமெண்டி என்ற இருவர் இதற்கு 110 முதல் 170 டன் வரை எடை போட்டார்கள். பெரிய திமிங்கிலங்களோடு நிற்கும் எடை. ஆக, ஊதிவிட்டதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

எலும்பு எங்கே என்ற கேள்விக்கு வருகிறேன். சாப்பிட்டுவிட்டு.

செந்துறை_பக்கம் எழுதியது:

ஐயா சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் நான் நம்ம ஊர்க் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் கிணறு வெட்டினால் கிளிஞ்சல் வரும். கடல் எங்கே இருக்கிறது, நாங்கள் எங்கே இருக்கிறோம்! சின்ன வயதில் ஓடையில் சுருள் சுருளாக வரிவிழுந்த கல் பொறுக்கி விளையாடுவோம், எங்கள் வீட்டில் நத்தைக்கல் என்போம். அது அம்மோனைட், பழைய கடல் பிராணியின் ஓடு கல்லானது, என்று எனக்குத் தெரிந்தபோது வயது முப்பத்திரண்டு. தாத்தா அதில் ஒன்றைக் கதவுக்கு முட்டுக்கொடுக்க வைத்திருந்தார்.

சிமெண்டு கம்பெனிகள் இங்கே குவிந்ததும் அதே பழைய கடலின் சுண்ணாம்புக்காகத்தான். லாரி போகும்போது சாலையே வெள்ளையாகிவிடும். ஆனால் கல்லமேட்டு மண் வேறு மாதிரி. மணலும் களியும் கலந்தது. மழை பெய்தால் காலைப் பிடித்து இழுக்கும், வெயில் வந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். ஒவ்வொரு ஐப்பசிக்கும் ஓடையின் கரை கொஞ்சம் தின்னப்பட்டு அடுத்த வருஷம் வேறு இடத்தில் நிற்கும். அதில் எலும்பு தாங்குமா என்று கேட்டால், எங்கள் வேலிக்கல்லே தாங்குவதில்லை.

அப்புறம் அந்த முட்டைக் கூத்து. 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்து, டைனோசர் முட்டை என்று செய்தி பறந்ததே, நான் பைக்கில் போய்ப் பார்த்தவன். ஒவ்வொன்றும் பெரிய தவலை அளவு. பையன்கள் ஏறி நின்று செல்ஃபி. கடைசியில் நிபுணர்கள் வந்து, கடல் வண்டல் அம்மோனைட்டைச் சுற்றி இறுகி உருண்ட கல் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கூட வந்த நண்பன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

திராவிடோசாரஸ்88 எழுதியது:

முட்டை என்றதும் ஒன்று. மத்தியப் பிரதேசத்தில் தார் மாவட்டத்தில் வயலில் கிடைத்த உருண்டைக் கல்லைக் காகர் பைரவ் என்று கும்பிட்டு வந்திருக்கிறார்கள், வயலையும் மாட்டையும் காக்கும் சாமி. பார்த்தால் அது டைனோசர் முட்டை. அங்கே நிஜமாகவே குவியல் குவியலாக முட்டை உண்டு, 2023-இல் வந்த ஓர் ஆய்வில் 92 கூடுகள், 256 முட்டைகள், எல்லாம் இந்த நீண்ட கழுத்து டைட்டனோசார் கூட்டம் போட்டவை. நாம் முட்டை இல்லாததை முட்டை என்றோம், அவர்கள் முட்டையைச் சாமி என்றார்கள்.

என் பெயரைப் பார்த்துக் கட்சி ஆள் என்று நினைக்க வேண்டாம். திராவிடோசாரஸ் என்று நிஜமாகவே ஒன்று உண்டு, அதே யாதகிரியும் அய்யாசாமியும் 1979-இல் அரியலூர் பக்கம் கண்டு வைத்த பெயர். முதுகில் தகடு வைத்த வகை என்றார்கள். சாட்டர்ஜி வந்து அது டைனோசரே இல்லை, கடல் ஊர்வன என்றார். 2017-இல் கால்ட்டனும் அய்யாசாமியும் சேர்ந்து இல்லை இல்லை டைனோசர்தான் என்றார்கள். நம் மாவட்டத்தில் ஒரு டைனோசர் நிம்மதியாக டைனோசராக இருக்க முடிவதில்லை.

சந்தேகப்பேர்வழி எழுதியது:

நல்ல நகைச்சுவை. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. கூடவே இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே வட்டாரத்தில்தான் சாத்தனூர் கல்மரம் இருக்கிறது. 18 மீட்டர் நீளத்துக்கு முழு மரமே கல்லாகிப் படுத்திருக்கிறது, புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் பதிவு செய்தது. பள்ளியில் சுற்றுலா போயிருக்கிறோம், கம்பி வேலிக்குள்ளே இருக்கும். அந்த மண்ணில் 2 மீட்டர் நீளத்தில் உருண்டையாக ஒன்று கிடைத்தால் அது கால் எலும்பா, மரத்துண்டா? 1987 கட்டுரையில் எலும்புக்குப் போட்ட படத்தைப் பார்த்தேன். கோட்டோவியம், அதுவும் சின்னப் பிள்ளை வரைந்த மாதிரி. அதை வைத்து 110 டன்னா?

ஓய்வுபெற்ற_சுத்தியல் எழுதியது:

வந்துவிட்டேன். மரச் சந்தேகம் நியாயமானதுதான், வெளிநாட்டிலும் பலர் கேட்டதுதான்.

கையில் இருந்தால் சந்தேகமே வராது. மரத்தை வெட்டி மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் வைத்தால் மர நார் வரிசை தெரியும். எலும்பென்றால் உள்ளே கடற்பஞ்சு மாதிரி துளைகள், வெளியோட்டில் இரத்தக்குழாய் போன வழிகள். கல்லாகி ஏழு கோடி ஆண்டானாலும் அந்த அமைப்பு போகாது. என் மாணவர்களில் சிலர் நாக்கில் வைத்தே சொல்வார்கள், எலும்பு நாக்கில் ஒட்டும். (வீட்டில் செய்து பார்க்காதீர்கள், ஓடையில் ஆடு போகும்.)

பிரச்சினை, கையில் இல்லை. கிடைத்த எலும்புகள் நீர் ஊறிய களியிலும் மணலிலும் இருந்தவை, வெளியே எடுக்கும்போதே பொரபொரத்துப் போயிருந்தன. களத்தில் இப்படி நொறுங்கும் எலும்புக்குச் சாக்கும் மாவும் வைத்துக் கட்டுப் போடுவோம், கை உடைந்தவருக்குப் போடும் அதே மாவுக்கட்டு. கட்டுப் போட்டும் பயனில்லை. உள்ளேயே உதிர்ந்து, அலுவலகம் போய்ச் சேருவதற்குள் எலும்பு எலும்பாக இல்லை. இது யாரோ திருடியதோ அலட்சியமோ அல்ல, அந்த மண்ணின் குணம். செந்துறைத் தம்பி வேலிக்கல் என்று சொன்னாரே, அதேதான்.

2022-இல் பாலும் அய்யாசாமியும் அந்தக் காலத்துப் புகைப்படங்களை வெளியிட்டார்கள் (இந்தப் பால் நம் ஊர்க்காரர், முன்பு சொன்ன கிரிகரி பால் வேறு). மண்ணில் பாதி புதைந்த நிலையில் எலும்புகள். என் கண்ணுக்கு மரமாகத் தெரியவில்லை, பலரும் அதைப் பார்த்த பிறகுதான் மரப் பேச்சைக் குறைத்தார்கள். ஆனால் படத்தை வைத்துத் தராசில் நிறுத்த முடியாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு தற்செயல் சொல்லவா? நம் கட்டுரை வந்த அதே 1987-இல் அர்ஜென்டினாவின் நியூகென் மாகாணத்தில் ஒரு விவசாயி தன் நிலத்தில் கல்லான மரம் ஒன்று கிடப்பதாக நினைத்தார். போய்ப் பார்த்தால் ஆர்ஜென்டினோசாரஸின் கால் எலும்பு. அங்கே எலும்பை மரம் என்றார்கள், இங்கே மரத்தை எலும்பு என்றோமா என்று வழக்கு. அந்தப் பாலை நிலம் எலும்பைக் காத்தது. அதுதான் வித்தியாசம்.

இரண்டாம்வகுப்பு_அம்மா எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் பையன் பக்கத்தில் உட்கார்ந்து இந்த இழை முழுவதையும் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனுக்கு 110 டன் எல்லாம் கவலை இல்லை. அவன் கேள்விகள்: 1. அத்தனை சின்னத் தலையை வைத்துக்கொண்டு அத்தனை பெரிய வயிற்றை எப்படி நிரப்பும்? 2. கழுத்து வலிக்காதா? 3. குட்டி எவ்வளவு பெரியது? தூங்கப் போக மாட்டேன் என்கிறான்.

நள்ளிரவுத்தேநீர் எழுதியது:

இந்த இழைக்காகவே பாஸ்வேர்டை மீட்டெடுத்து உள்ளே வந்தேன். பெர்லினில் இருக்கிறேன். இங்குள்ள இயற்கை வரலாற்று மியூசியத்தின் நடுக்கூடத்தில் ஜிராஃபாடைட்டன் என்ற சாரோபாட் நிற்கிறது, 13.27 மீட்டர் உயரம், 1937-இல் முதலில் நிறுத்தியது. ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கேதான் கூட்டிப்போவேன். முதல் முறை பார்த்தபோது நான் செய்த முட்டாள்தனம், வாசலில் நின்றுகொண்டே "தலை எங்கே" என்று தேடியது. நான்கு மாடி உயரத்தில் இருந்தது.

தம்பிக்குப் பதில். கழுத்து ஏன் வலிக்காது என்றால், அது பார்க்கத்தான் பாறை, உள்ளே காற்று. கழுத்தெலும்பைப் பக்கவாட்டில் பார்த்தால் பெரிய குழிகள், குழிக்குள் தட்டித் தட்டியாக மெல்லிய எலும்புச் சுவர். பறவைகளுக்கு நுரையீரலோடு காற்றுப்பை இருக்கிறதே, அதே மாதிரி ஏற்பாடு, பைகள் எலும்புக்குள்ளேயே நீண்டிருந்தன. ஒரு கழுத்தெலும்பு என் கை நீளத்தைவிடப் பெரியது, ஆனாலும் கனஅளவில் பாதிக்கு மேல் வெறும் காற்று. ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்தில் நம்மைப் போல ஏழே எலும்பு. இவற்றில் சிலவற்றுக்குப் பத்தொன்பது வரை. சீனாவின் மாமென்கிசாரஸ் ஒன்றுக்குக் கழுத்து மட்டும் 15 மீட்டர் என்று 2023-இல் கணக்குச் சொன்னார்கள், ஒரு டவுன் பஸ்ஸைவிட நீளம்.

வயிறு விஷயம்: மெல்லவே மெல்லாது. கடைவாய்ப் பல் கிடையாது. முன்னால் சீப்பு மாதிரியோ கரண்டி மாதிரியோ பல், கிளையை உருவி அப்படியே விழுங்கிவிடும். மெல்ல வேண்டாம் என்பதால் பெரிய தாடை வேண்டாம், பெரிய தாடை வேண்டாம் என்பதால் தலை சின்னது, தலை சின்னது என்பதால்தான் இத்தனை நீளக் கழுத்தில் அதைத் தூக்கி வைக்க முடிந்தது. யானை நாள் முழுக்க அரைத்துக்கொண்டே இருக்கும், இது நின்ற இடத்திலேயே கழுத்தை வீசி ஒரு வட்டத்தையே மொட்டையடித்துவிட்டு அடுத்த இடத்துக்கு நாலு எட்டு வைக்கும். அரைப்பதெல்லாம் குடலில் நுண்ணுயிர்களின் வேலை, நாள்கணக்கில் ஊறும். ஆஸ்திரேலியாவில் ஒன்றின் வயிற்றுக்குள் கடைசிச் சாப்பாடே கல்லாகிக் கிடைத்து 2025-இல் எழுதினார்கள், இலையும் கூம்பும் அரைபடாமல் இருந்தன. பல் தேய்ந்தாலும் கவலையில்லை, டிப்ளோடோகஸுக்கு ஓர் இடத்தில் 35 நாளுக்கு ஒரு புதுப்பல்.

குட்டி: முட்டையே பெரிய தேங்காய் அளவுதான். குஜராத்தில் கிடைத்த ஒரு கூட்டில் பொரித்த குஞ்சு அரை மீட்டர், அதைத் தின்ன வந்த 3.5 மீட்டர்ப் பாம்பு அங்கேயே சுருண்டபடி புதைந்து கல்லாகியிருக்கிறது. சனஜே என்று அந்தப் பாம்புக்குப் பெயர். அம்மா, இதைத் தூங்கும் நேரத்தில் வாசிக்கலாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இரண்டாம்வகுப்பு_அம்மா எழுதியது:

வாசித்துவிட்டேன், தப்பு செய்துவிட்டேன். பாம்பு போய்விட்டதா என்று இரண்டு முறை கேட்டான். காலையில் இட்லியை முழுசாக வாயில் திணித்துக்கொண்டு "நான் சாரோபாட், மெல்ல மாட்டேன்" என்கிறான். உங்களுக்கெல்லாம் நன்றி.

சந்தேகப்பேர்வழி எழுதியது:

தேநீர் அண்ணா எழுதியது எனக்கே புதுசு, காற்று விஷயம் முக்கியம். நான் கட்டுமானத் துறை ஆள், என் பார்வையில் சொல்கிறேன். ஒரு பிராணியை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு பெரிதாக்கினால் எடை எட்டு மடங்கு ஆகும், காலின் குறுக்குவெட்டு நாலு மடங்குதான் ஆகும். அதாவது தூணின் ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மேலும் பாரம் இரட்டிப்பு. அதனால்தான் இவற்றின் கால் தூண் மாதிரி நேராக இறங்குகிறது, மடங்கி நிற்பதில்லை. யானைக்கே குதிக்க வராது. நூறு டன் என்றால் சுமார் பதினாறு ஆண் யானைகளை நாலு தூணில் ஏற்றுவது மாதிரி. முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தத் தூணின் சுற்றளவை ஒருவராவது நல்ல டேப் வைத்து அளந்து நான் பார்க்கணும்.

எடை போடும் முறையே இரண்டுதான். தொடை, மேற்கை எலும்புகளின் சுற்றளவை வைத்துச் சூத்திரம், இல்லையென்றால் முழு உடம்பையும் உருவமாக்கிக் கனஅளவு. படகோடைட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அர்ஜென்டினாவின் சுபுத் மாகாணம், பண்ணைத் தொழிலாளி ஒருவர் கண்டது, தொடை எலும்பு 2.38 மீட்டர், பல உருப்படிகளின் எலும்புகள் கைவசம். 2017-இல் 69 டன் என்றார்கள். 2020-இல் திரும்பக் கணக்குப் போட்டு 57 பக்கம் வந்தார்கள். எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு அளந்ததிலேயே பன்னிரண்டு டன் காணாமல் போகிறது. காணாமல் போன எலும்பை அளந்தால் எத்தனை டன் வேண்டுமானாலும் வரும்.

முருங்கைமரம் எழுதியது:

அந்தக் கடைசி வரியை அப்படியே மச்சானுக்கு அனுப்பலாமா?

சந்தேகப்பேர்வழி எழுதியது:

தாராளமாக. அத்தைக்கும்.

திராவிடோசாரஸ்88 எழுதியது:

சண்டை நடக்கட்டும், நடுவில் ஒரு சாணச் செய்தி. மகாராஷ்டிரத்தில் பிஸ்துரா என்ற இடத்தில் டைட்டனோசார்களின் சாணம் என்று கருதப்படும் கற்கள் ஏராளம். உடைத்துப் பார்த்ததில் புல்லின் நுண்துகள்கள் இருந்ததாக 2005-இல் கட்டுரை வந்தது, அதற்குமுன் டைனோசர் காலத்தில் புல்லே இல்லை என்றுதான் பாடம். பிறகு 2011-இல் நெல் இனத்துக்கு நெருங்கிய வகையும் அதில் உண்டு என்றார்கள். அதாவது நமக்கு ஆறரைக் கோடி ஆண்டு முன்பே ஒருவர் நெல்லுக்குச் சொந்தக்காரப் பயிரை மேய்ந்திருக்கிறார், நாம்தான் தாமதம்.

நெறியாளர் எழுதியது:

சாதி, கட்சி, "நம்மவன் கண்டுபிடிப்பு" வகையில் வந்த நாலு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எலும்போடு நில்லுங்கள்.

ஓய்வுபெற்ற_சுத்தியல் எழுதியது:

நெறியாளர் நீக்கியதில் ஒன்று எனக்கு வந்த திட்டு, பரவாயில்லை.

சந்தேகப்பேர்வழி சொல்வதில் முக்கால்வாசி எனக்குச் சம்மதம். இது நம் ஊர்த் தலைவிதி மட்டுமில்லை என்பதை மட்டும் சேர்க்கிறேன். அமெரிக்காவில் எட்வர்ட் கோப் 1878-இல் ஒரே ஒரு முதுகெலும்பை விவரித்தார், உடைந்த நிலையிலேயே 1.5 மீட்டர் உயரம். அதுவும் உதிர்ந்தோ தொலைந்தோ போய்விட்டது, மிஞ்சியது கோப் வரைந்த ஒரு படம். அதை வைத்து நூற்றைம்பது வருஷமாக உலகத்திலேயே நீளமானது என்று ஒரு கூட்டம், அளவில் அச்சுப்பிழை என்று ஒரு கூட்டம். 2018-இல் அதற்கு மராபுனிசாரஸ் என்று புதுப்பெயர் வைத்து, வேறு வகையில் சேர்த்து, நீளத்தைப் பாதியாகக் குறைத்தார் கார்பெண்டர். எலும்பு இல்லாத டைனோசர் எல்லா ஊரிலும் வளரும், தேயும்.

தொலைந்தது திரும்பக் கிடைத்த கதையும் உண்டு. 1828-இல் ஜபல்பூரில் ஸ்லீமன் எடுத்த எலும்புகள் (தக்கர் கொள்ளையரை ஒழித்த அதே ஸ்லீமன்தான், வேலை நேரம் போக எலும்பு பொறுக்கியிருக்கிறார்), அவற்றை வைத்து 1877-இல் லிடெக்கர் டைட்டனோசாரஸ் என்று பெயர் வைத்தார். டைட்டனோசார் என்று உலகம் முழுக்கச் சொல்கிறோமே, ஆர்ஜென்டினோசாரஸ், படகோடைட்டன் எல்லாம் அந்தக் குடும்பம்தான், அந்தப் பெயரின் ஊற்று ஜபல்பூர். அந்த வால் எலும்பும் பல பத்தாண்டு காணவில்லை. 2012-இல் கொல்கத்தாவில் புவியியல் துறையின் சேமிப்பிலேயே கிடைத்தது. கல்லமேட்டு எலும்பு அப்படி எந்த அலமாரியிலிருந்தும் வராது, அது மாவாகிவிட்டது என்று எடுத்தவர்களே எழுதிவிட்டார்கள்.

எனக்கு ஆதங்கம் வேறு. இந்த ஃபார்வர்டு அனுப்புகிற யாராவது பாரபாசாரஸ் என்ற நம் நாட்டுச் சாரோபாடைப் பார்த்திருக்கிறார்களா? கொல்கத்தாவில், இந்தியப் புள்ளியியல் கழகத்தின் புவியியல் மியூசியத்தில் முழு உயரத்தில் நிற்கிறது. புள்ளியியல் கழகத்துக்கும் டைனோசருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், கழகத்தை நிறுவிய மகலநோபிஸ் காலத்தில் அப்படித்தான், எல்லாம் ஒரே கூரையில். கோதாவரிப் பள்ளத்தாக்கில், இன்றைய தெலங்கானாப் பகுதியில் தோண்டியது. 1961, தாகூர் நூற்றாண்டு, அதனால் பாரபாசாரஸ் தாகோரை. "பாரா" என்றால் பெரிய, "பா" என்றால் கால், சுத்த வங்காளம். குறைந்தது ஆறு உருப்படிகள், ஏறத்தாழ முந்நூறு எலும்புகள், தொடை எலும்பு 1.7 மீட்டர். 1975-இல் பெயர் வைத்த நால்வரில் சாட்டர்ஜியும் ஒருவர். முந்நூறு எலும்பு கிடைத்தும் தலை மட்டும் கிடைக்கவில்லை, சில பற்கள்தான். அந்த மெல்லிய தலை முதலில் கழன்று ஆற்றோடு போய்விடும், உலகம் முழுக்க இந்த வகைக்கு அதுதான் கதி.

நான் ஒரு முறை இருபத்திரண்டு மாணவர்களைக் கோரமண்டல் ரயிலில் கூட்டிப்போய்க் காட்டினேன். பாதிப் பேர் ரசகுல்லாவுக்காக வந்தவர்கள். ஒரு பெண் மட்டும் அந்தத் தொடை எலும்பின் பக்கத்தில் நின்று தன் உயரத்தை ஒப்பிட்டாள். எலும்பு அவளைவிட ஒரு சாண் உயரம். அப்படி நிற்க ஓர் எலும்பு வேண்டும் ஐயா. ஹைதராபாத் பிர்லா மியூசியத்தில் கோடாசாரஸ் நிற்கிறது, அதுவும் யாதகிரி பெயர் வைத்ததுதான், 1988-இல். கல்லமேட்டில் கைவிட்டுப்போன அதே மனிதர்!

நள்ளிரவுத்தேநீர் எழுதியது:

ஐயா சொன்னதும் ஒன்று உறுத்துகிறது. இங்கே பெர்லினில் நிற்பதும் வேறு ஊர் எலும்புதான். இன்றைய டான்சானியாவின் டெண்டகுரு மலை. 1909 முதல் 1913 வரை தோண்டினார்கள், ஒரு கட்டத்தில் 500 உள்ளூர்த் தொழிலாளிகள். மாஜி மாஜி கிளர்ச்சியை ஜெர்மானியர் நசுக்கிச் சில வருஷம்தான் ஆகியிருந்தது, பஞ்சத்தில் அடிபட்ட மக்கள். பெட்டிகளைத் தலையிலும் தோளிலும் சுமந்து லிண்டி துறைமுகம் வரை நாள்கணக்கில் நடந்திருக்கிறார்கள். தோண்டுவதை நடத்தியவர் போஹெட்டி பின் அம்ரானி, 2007-இல்தான் ஒரு டைனோசருக்கு அவர் பெயர் வந்தது. இந்த எலும்பு உதிராமல் நிற்கிறது, சொந்த ஊரில் இல்லை. கல்லமேட்டு எலும்பு சொந்த ஊரிலேயே இருந்தது, உதிர்ந்துவிட்டது. எது தேவலை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

முருங்கைமரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு சாப்பாட்டில் மோர்க்குழம்புக்கும் பாயசத்துக்கும் நடுவில் விஷயத்தை எடுத்தேன். நான் சொன்னது: "கல்லமேட்டில் மிகப் பெரிய ஒன்று கிடைத்தது உண்மை, நம்ம ஆட்கள் கண்டதும் உண்மை, சாரோபாடாக இருக்க வாய்ப்பு அதிகம், உலகத்திலேயே பெரியதா என்று இனி அந்த எலும்பை வைத்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் அது இல்லை." மச்சான் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு "அப்போ இல்லைன்னும் சொல்ல முடியாதுல்ல" என்றான். சபை அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. அத்தை எனக்குப் பாயசம் குறைவாக ஊற்றியதாக உணர்கிறேன்.

சந்தேகப்பேர்வழி எழுதியது:

உங்கள் மச்சானிடம் அடுத்த முறை, வேறு எலும்பு வந்தால் ஒத்துக்கொள்வதாக நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள். கல்லமேட்டில் இன்னும் தோண்டாமலா இருப்பார்கள்?

ஓய்வுபெற்ற_சுத்தியல் எழுதியது:

தோண்டுகிறார்கள், சலிக்கிறார்கள். 2013-இல் அதே கல்லமேட்டுப் படிவிலிருந்து ட்ரூடான்டிட் என்ற சின்னப் புலால் தின்னியின் பல் ஒன்றை வெளியிட்டார்கள், இந்தியாவுக்கே அது புதுசு. அளவு மில்லிமீட்டரில். மண்ணை மூட்டை மூட்டையாகக் கழுவிச் சல்லடையில் பார்த்து எடுப்பது. 2 மீட்டர் எலும்பு போன இடத்தில் அந்தப் பொடிப் பல் தப்பித்திருக்கிறது, பல்லின் மேற்பூச்சு அவ்வளவு கெட்டி.

செந்துறை_பக்கம் எழுதியது:

ஐயா, போன வாரம் மழைக்குப் பிறகு எங்கள் ஓடையில் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. கரும்பழுப்பு நிறம், முழங்கை நீளம் வெளியே தெரிகிறது, மீதி கரைக்குள். மரமா எலும்பா தெரியவில்லை. இழையைப் படித்த தைரியத்தில் கேட்கிறேன், தோண்டி எடுத்துவிடவா?

ஓய்வுபெற்ற_சுத்தியல் எழுதியது:

தொடாதே தம்பி! நக்கவும் வேண்டாம். பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் வைத்து நாலு பக்கமும் படம் எடு, உடைந்த முனையைக் கிட்டத்தில் ஒன்று எடு. இடத்தின் புள்ளியை மொபைலில் குறித்துக்கொள், ஆனால் இங்கே போடாதே, எனக்குத் தனிமடலில் அனுப்பு. மேலே ஒரு தார்ப்பாய் போட்டுக் கல் வைத்துவிடு, இன்றைக்கு ராத்திரியும் மழை என்கிறார்கள்.

செந்துறை_பக்கம் எழுதியது:

தார்ப்பாய் நெல்மேல் கிடக்கிறது. உரச்சாக்கைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். படம் அனுப்பிவிட்டேன், பாருங்கள்.